ஏழு இரவா, பத்தா, பதினாலா? கிரேக்கத் தீவுகளில் சொகுசுப் படகுக்கு நாள் குறிப்பது

பணியாளர்களோடு சொகுசுப் படகை வாடகைக்கு எடுத்துத் தீவுகளைச் சுற்றும் பயணத்தில், படகின் நீளத்தைவிடப் பயணத்தின் நீளம்தான் பல விஷயங்களை முடிவு செய்கிறது. எத்தனை தீவு பார்ப்பது, எந்தத் துறையிலிருந்து கிளம்புவது, செலவு எங்கே போய் நிற்கும், காற்று மிரட்டினால் ஒதுங்கி நிற்க அவகாசம் உண்டா என்ற கேள்விகளெல்லாம் நாட்களின் எண்ணிக்கையிலிருந்தே கிளைக்கின்றன. ஆனாலும் பெரும்பாலானவர்கள் அந்த எண்ணை யோசித்துக் குறிப்பதில்லை. வாடகைப் பட்டியலில் விலை வாரக்கணக்கில் போட்டிருக்கிறது. அதனால் வாரம் என்றே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். கிரேக்கக் கடலில் இந்தப் பழக்கம் சில பகுதிகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். வேறு சில பகுதிகளில் விடுமுறையைப் பாதி கெடுத்துவிடும்.

கிரேக்கத்தில் தீவுகளும் திட்டுகளுமாகச் சுமார் 6,000 உண்டு. அவற்றில் மக்கள் வசிப்பவை 227 என்பது அரசுக் கணக்கு. படகுப் பயணிகள் அதிகம் நாடுபவை மூன்று கூட்டங்கள்: ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் தீவுகள், மேற்குக் கரையோர அயோனியன் தீவுகள், ஏஜியன் கடலின் நடுவே சிதறிக் கிடக்கும் சைக்ளேட்ஸ். ஒரே நாட்டின் கொடி பறந்தாலும், நாள் கணக்கில் இவை மூன்றும் மூன்று வேறு கடல்கள்.

வாரம் எங்கிருந்து வந்தது

சனிக்கிழமை ஏறி அடுத்த சனிக்கிழமை இறங்குவது மத்தியதரைக் கடல் படகு வாடகையின் வழக்கம். இதில் கடலின் பங்கு எதுவுமில்லை. ஐரோப்பியர்களின் விடுப்பு வார இறுதியில் தொடங்கி வார இறுதியில் முடிகிறது. விடுமுறை வீடுகளும் விமானங்களும் அதற்கேற்ப ஓடுகின்றன. படகும் அதோடு சேர்ந்துகொண்டது. படகு உரிமையாளருக்கும் இது வசதி. ஒரு குழு இறங்கியதும் படகைக் கழுவி, எரிபொருள் நிரப்பி, சலவை முடித்து, காய்கறியும் மீனும் ஏற்றி அடுத்த குழுவை வரவேற்கப் பணியாளர்களுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நாட்காட்டி முழுக்க வாரக் கட்டங்களாகவே விற்றுப்போகிறது. அந்த மாதங்களில் ஒன்பது நாளுக்குப் படகு கேட்பவர் இரண்டு கட்டங்களை உடைக்கிறார். எனவே உரிமையாளர் மறுக்கலாம், அல்லது இரண்டு வார வாடகையே கேட்கலாம். மே, ஜூன் தொடக்கத்திலும் செப்டம்பர் பிற்பகுதியிலும் இந்தப் பிடிவாதம் தளர்ந்துவிடும். எட்டு, பதினொன்று என எந்த எண்ணையும் பேசி வாங்க முடியும்.

ஏழு இரவு வாடகை என்பது ஏழு நாள் கடல் அல்ல என்பதைப் பலரும் படகில் ஏறிய பிறகே உணர்கிறார்கள். பணியாளர்களோடு வரும் பெரிய படகுகளின் ஒப்பந்தம் பெரும்பாலும் நண்பகலிலிருந்து நண்பகல் வரை ஓடும். முதல் நாள் மதியம் ஏறினால் அறிமுகம், உயிர்காப்புச் சட்டை விளக்கம், பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது என்று மாலையாகிவிடுகிறது. பக்கத்து விரிகுடா வரை போய் நங்கூரம் போடலாம், அவ்வளவுதான். கடைசி நாள் மதியத்துக்குள் இறங்க வேண்டும் என்பதால், முந்தைய இரவே இறங்குதுறைக்கோ அதன் அருகிலோ வந்து சேர்ந்தாக வேண்டும். சிறிய படகுகளை மாலுமியில்லாமல் எடுத்துத் தாங்களே ஓட்டுபவர்களுக்கு இன்னும் இறுக்கம்: சனி மாலை ஐந்து மணிக்குச் சாவி, அடுத்த வெள்ளி மாலையே துறைக்குத் திரும்பல், சனி காலை ஒன்பதுக்குள் காலி செய்தல்.

ஆகவே எத்தனை நாளுக்கு எடுத்தாலும் இரு முனைகளிலும் சுமார் ஒன்றரை நாள் கரைந்துபோகிறது. நான்கு இரவுப் பயணத்துக்கு இது பெரிய இழப்பு. பதினான்கு இரவில் பொருட்படுத்தத் தேவையில்லை. குறுகிய பயணம் நீண்ட பயணத்தின் சிறிய வடிவமாக அமையாமல் போவதற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம் உடம்பு. கடல் நோய் பிடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அலையின் ஆட்டம் பழக இரண்டு மூன்று நாள் ஆகும். நான்கு நாள் பயணத்தை முன்பதிவு செய்த குடும்பத்தில் யாருக்காவது தலைசுற்றல் இருந்தால், வயிறு அடங்குகிற நாளில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு கழித்தல் கணக்கும் உண்டு. ஏதென்ஸ் போய்ச் சேர வழியில் விமானம் மாறினால், தாமதத்துக்கும் பெட்டி தொலைவதற்கும் வாய்ப்பு கூடுகிறது. ஏறும் நாளுக்கு முந்தைய இரவை ஏதென்ஸ் விடுதியில் கழிப்பது ஆடம்பரமாகத் தெரியலாம். நண்பகலில் ஓடத் தொடங்கிய வாடகை, விமானத்துக்காகக் காத்திருப்பதில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடலாம்

நாட்களைக் குறிக்கும்போது தீவுகளின் பெயரை எழுதுவதைவிட ஓடும் நேரத்தைக் கூட்டிப் பார்ப்பது பயன் தரும். வாடகை ஒப்பந்தங்களில் இதற்கு ஓர் அளவு இருக்கிறது. பணியாளர்களோடு வரும் படகுகள் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், சில ஒப்பந்தங்களில் ஐந்து மணி நேரம் ஓடும் என்று எழுதப்படுவது வழக்கம். விருந்தினரின் நிம்மதிக்கும் இது தேவை, பணியாளர்களின் சட்டப்படியான ஓய்வுக்கும் இது தேவை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் பணியாளருக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கிறது. இரவு இரண்டு மணி வரை விருந்து பரிமாறிய பணியாளரை விடியற்காலை ஐந்துக்கு நங்கூரம் தூக்கச் சொல்லும் திட்டத்துக்குக் கேப்டன் தலையாட்ட மாட்டார். அவர் மறுப்பது அடம் அல்ல.

இனி தூரங்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஏதென்ஸின் அலிமோஸ் மரீனாவிலிருந்து ஏகினா தீவு சுமார் 16 கடல் மைல். கேயா சுமார் 35. மிகோனோஸ் 85 முதல் 90 வரை. சாந்தோரினி 120க்கும் மேல். பாய்மரப் படகும் கேட்டமரானும் சாதாரணமாக மணிக்கு 6 முதல் 8 கடல் மைல் போகும். வேகமான எஞ்சின் படகு 20ஐத் தொடும்.

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது ஏதென்ஸ், மிகோனோஸ், சாந்தோரினி, திரும்ப ஏதென்ஸ் என்ற சுற்றுதான். இதன் நீளம் ஏறத்தாழ 280 கடல் மைல். 7 கடல் மைல் வேகத்தில் 40 மணி நேரம். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் ஓடும் நாட்களே பத்து. ஓடாமல் நிற்கும் நாள் இரண்டைச் சேர்த்து, முனைகளில் கரையும் ஒன்றரை நாளையும் கூட்டினால் பதினான்கு இரவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இதையே ஏழு இரவுக்குள் திணித்தால் தினமும் ஏழு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். மிகோனோஸில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏற வேண்டியதுதான். மாலை வெயிலில் கடலில் நீந்துவது, கரையோர உணவகத்தில் நேரம் மறந்து உட்கார்ந்திருப்பது என எதற்காகப் படகு எடுத்தார்களோ அதெல்லாம் முதலில் அடிபடும்.

வேகப் படகு இதைத் தீர்க்கும் என்று தோன்றும். தீர்க்கவும் செய்யும், பணத்தைக் குடித்து. நீரைக் கிழித்துச் செல்லும் உடல் கொண்ட படகுக்குத் தேவைப்படும் எஞ்சின் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுகிறது. வேகத்தை இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கை நெருங்கும். நீர்மேல் எழும்பி ஓடும் முப்பது மீட்டர்ப் படகு முழு வேகத்தில் மணிக்குச் சில நூறு லிட்டர் டீசலை எரிக்கும். வாடகை தனி, டீசல் தனி என்பதால், நாட்களைக் குறைத்து வேகத்தைக் கூட்டுபவர் மிச்சம் பிடித்ததில் கணிசமான பங்கை எரிபொருள் மேடையில் கொடுத்துவிடுகிறார். இரண்டு நாள் கூடுதலாக எடுத்து மெல்லப் போவது சில வேளைகளில் அதிகச் செலவாகவே இருக்காது.

மெல்டெமி எனும் பங்காளி

ஏஜியன் கடலில் நாள் குறிக்கும்போது பேச்சில் கட்டாயம் நுழைந்துவிடும் பெயர் மெல்டெமி. கோடையில் வடக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று இது. பண்டைய கிரேக்கர்கள் இதை எடேசியக் காற்று என்று அறிந்திருந்தார்கள். பால்கன் பகுதியில் நிற்கும் உயர் அழுத்தத்துக்கும் துருக்கி நிலப்பரப்பின் மேல் உருவாகும் தாழ்வழுத்தத்துக்கும் இடையே காற்று பிழியப்பட்டு ஏஜியன் வழியே தெற்கு நோக்கிப் பாய்கிறது. ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை வரும்; உச்சம் ஜூலையும் ஆகஸ்டும்.

மழைமேகம் கட்டி எச்சரித்துவிட்டு வரும் புயல் அல்ல இது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்; கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பொங்கும். காற்றின் வலுவைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 5, 6 சாதாரணம்; 7 அபூர்வமில்லை; தீவுகளுக்கு இடைப்பட்ட சந்துகளில் அதற்கு மேலும் ஏறும். ஒருமுறை பிடித்தால் மூன்று நாள் வீசலாம், வாரம் முழுக்கவும் வீசலாம். காற்று மிகுந்தால் கடலோரக் காவல்படை துறைமுகங்களிலிருந்து படகுகள் கிளம்பத் தடை விதிக்கும். பெரிய பயணிகள் கப்பல்களே கட்டப்பட்டு நிற்கும் நாட்கள் ஒவ்வொரு கோடையிலும் வருகின்றன.

நாள் கணக்கோடு இதற்குள்ள உறவு இரண்டு வகை. முதலாவது எல்லோருக்கும் உடனே புரியும்: நிற்க வேண்டிய நாட்களுக்கு இடம் விட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் சைக்ளேட்ஸ் போகிறவர் மூன்று நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் வெற்று நாளை வைத்துக்கொள்வது நல்லது. காற்று வராவிட்டால் அந்த நாள் வீணாகாது. பிடித்த விரிகுடாவில் இன்னொரு இரவு தங்கலாம். ஏழு இரவுப் பயணத்தில் மூன்று நாள் பாரோஸ் தீவின் நவுசா துறையில் கட்டிக் கிடந்தால் மிஞ்சுவது நான்கு. பதினான்கில் அதே மூன்று நாள் போனாலும் பயணம் பயணமாகவே இருக்கும்.

இரண்டாவது உறவு அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாதது. காற்று எப்போதும் வடக்கிலிருந்து வருவதால் போகும் வழியும் திரும்பும் வழியும் சமமல்ல. ஏதென்ஸிலிருந்து தெற்கே சாந்தோரினிக்குக் காற்று முதுகில் தள்ள, சுகமாக இறங்கிவிடலாம். திரும்பும்போது அதே காற்றையும் அது எழுப்பிய அலையையும் நெஞ்சில் வாங்க வேண்டும். பாய்மரப் படகால் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. நாற்பத்தைந்து பாகை சாய்ந்து இடமும் வலமுமாகக் கோணிக் கோணித்தான் ஏறும். அப்போது கடக்கும் தூரம் நேர்தூரத்தைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு. எஞ்சின் போட்டு நேராகப் போனாலும் அலை வேகத்தைத் தின்றுவிடும். பயண நாட்களைப் பாதியாகப் பிரித்து, முதல் பாதி போக, மறுபாதி வர என்று வரைபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பத்து நாள் பயணத்தில் தெற்கே இறங்க நான்கு, திரும்ப ஆறு என்று வைப்பதே உத்தமம். அல்லது காற்று இன்னும் எழாத முதல் நாட்களில் வடக்குத் தீவுகளுக்கு ஏறிக்கொண்டு, கடைசியில் காற்றோடு இறங்கும்படி வழியைத் திருப்பிப் போடலாம்.

மூன்றாவது வழி, திரும்பாமலே இருப்பது. ஏதென்ஸில் ஏறி சாந்தோரினியிலோ பாரோஸிலோ இறங்கி அங்கிருந்தே விமானம் பிடிக்கலாம். படகை வெறுமையாகத் தாய்த்துறைக்குக் கொண்டுபோகும் செலவை வாடகைதாரர்தான் ஏற்க வேண்டும். எரிபொருளோடு ஓரிரு நாள் வாடகையும் அதில் சேரலாம். ஆனால் நாள் கணக்கில் இது பெரிய லாபம். சுற்றாகப் போனால் பதினான்கு இரவு கேட்கும் வழி, ஒருமுகமாகப் போனால் எட்டில் அடங்கிவிடும். விடுப்பை நீட்டவே முடியாதவருக்கு, அதே நாட்களுக்குள் வேகத்தை வாங்குவதைவிட இது நல்ல பேரம்.

கடலுக்கொரு எண்

சரோனிக் வளைகுடாவில் மெல்டெமியின் கை அவ்வளவு நீள்வதில்லை; நிலப்பரப்பு அதை மறைத்து நிற்கிறது. ஏகினா, போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்சஸ், திரும்பும் வழியில் எபிடாவ்ரோஸ் என்று சுற்றினால் மொத்தம் 100 முதல் 120 கடல் மைல். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டம். ஏகினாவில் கி.மு. 500 வாக்கில் எழுந்த அஃபாயா கோயிலும் பிஸ்தாத் தோப்புகளும். ஹைட்ராவில் கார் ஓடாத, கழுதை சுமக்கும் தெருக்கள். எபிடாவ்ரோஸ் துறையிலிருந்து உள்நாட்டில் கொஞ்ச தூரம் போனால் கி.மு. நான்காம் நூற்றாண்டின் திறந்தவெளி அரங்கு. ஏழு இரவு இதற்குப் போதும். ஐந்து இரவிலும் ஒப்பேற்றலாம். முதல்முறை படகேறுபவர்களுக்கு, வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் குடும்பங்களுக்கு, இந்தக் கடலே பொருத்தம். வாரக்கணக்கு என்ற வணிகப் பழக்கம் தற்செயலாகச் சரியான விடையைத் தருகிற இடம் இது.

அயோனியனும் அதே சாதுவான கடல். அங்கே பிற்பகலில் மட்டும் மைஸ்த்ரோ என்ற வடமேற்குக் காற்று எழுந்து அந்தியில் அடங்கும். லெஃப்கடாவில் ஏறி மெகனிசி, இத்தாக்கா, கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ என்று போனால் ஒவ்வொரு தாவலும் இரண்டு மூன்று மணி நேரம்தான். 1953 நிலநடுக்கத்தில் கெஃபலோனியா தரைமட்டமானபோது பெருமளவு தப்பிய ஊர் ஃபிஸ்கார்டோ; பழைய வீடுகளைப் பார்க்கவே அங்கு ஒரு பகல் நிற்கலாம். ஏழு இரவில் தெற்கு அயோனியன் முடியும். கோர்ஃபுவையும் பாக்ஸோஸையும் சேர்க்க நினைத்தால் பத்து.

சைக்ளேட்ஸுக்குப் பத்து இரவுதான் கீழ் எல்லை. அதிலும் மேற்கு வரிசையோடு நிறுத்திக்கொண்டால்: கேயா, இருபுறமும் கடல் தொடும் மணல்திட்டு கொண்ட கித்னோஸ், செரிஃபோஸ், சிஃப்னோஸ், மிலோஸ். மிலோஸுக்கு மட்டுமே இரண்டு நாள் வேண்டும். வெள்ளைப் பாறைகளின் சரகினிகோ வடகரையில். படகில் மட்டுமே நன்றாகப் பார்க்கக்கூடிய கிளெஃப்டிகோ குகைகள் தென்மேற்கு முனையில். வடக்குக் காற்று அடிக்கும் நாளில் ஒன்றை விட்டு மற்றதற்குப் போகலாம், இரண்டையும் ஒரே நாளில் எதிர்பார்க்கக் கூடாது.

மிகோனோஸ், டெலோஸ், நக்ஸோஸ், சிறு சைக்ளேட்ஸ் என்ற கூஃபோனிசியா கூட்டம், அமோர்கோஸ், சாந்தோரினி வரை வேண்டுமென்றால் பதினான்கு. இவற்றில் சில இடங்கள் தாமே நேரத்தைத் தின்பவை. டெலோஸில் இரவு தங்க அனுமதியில்லை. 1990 முதல் உலகப் பாரம்பரியக் களமான அந்தத் தீவைப் பகலில் பார்த்துவிட்டு வேறெங்காவது போய்த்தான் நங்கூரம் போட வேண்டும். சாந்தோரினியின் சிக்கல் வேறு மாதிரி. எரிமலை வெடித்து உள்ளே சரிந்த பள்ளம்தான் அதன் விரிகுடா. சில இடங்களில் ஆழம் 300 மீட்டரைத் தாண்டுகிறது, நங்கூரம் தரை தொடாது. தெற்குக் கரையின் விலிஹாடா துறை சிறியது, ஆழம் குறைந்தது. அஞ்சலட்டையில் பார்த்த பள்ளத்து விளிம்பின் கீழே படகில் தூங்கும் கனவு பெரும்பாலானவர்களுக்கு நிறைவேறாது. இத்தனை தூரம் இறங்கிப் போய் ஒரு பகலோடு திரும்புவதற்கு இரண்டு கூடுதல் நாள் செலவாகிறது என்றால், அந்தத் தீவை விமானத்தில் தனியாகப் போய்ப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

மாதமும் எண்ணை அசைக்கும். ஜூன் பிற்பகுதியில் ஏதென்ஸ் பகுதியில் பகல் பதினான்கே முக்கால் மணி நேரம். அக்டோபர் நடுவில் பதினொன்றேகால்தான். பகல் சுருங்கினால் ஓடவும் நீந்தவும் ஒரே நாளில் நேரம் போதாமல், அதே வழிக்கு ஒன்றிரண்டு நாள் கூடுதலாகக் கேட்கும். மறுபுறம் ஆகஸ்டில் கூட்டம். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாளையொட்டிக் கிரேக்கமே விடுமுறையில் இருக்கும். தினோஸ் தீவுக்கு யாத்ரிகர் திரள்வார்கள். சிறிய துறைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கே இடம் நிறைந்துவிடுவதால், படகு காலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் சேர வேண்டும். நாள் பாதியாகிறது. ஏஜியன் நீரில் கோடை வெப்பம் இன்னும் மிச்சமிருக்க, காற்று தணிந்து கூட்டமும் கலையும் செப்டம்பர் பிற்பகுதியில், அதே பத்து நாள் அதிகம் தருகிறது.

வெட்டினால் மிஞ்சாது

வாரத்துக்குக் குறைவாக எடுத்தால் வாடகை அதே விகிதத்தில் குறையும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துப்போகும். தொழிலின் வழக்கப்படி வார வாடகையை ஏழால் வகுப்பதில்லை, ஆறால் வகுத்து நாட்களால் பெருக்குகிறார்கள். வாரத்துக்கு 70,000 யூரோ என்று வைத்துக்கொண்டால், ஐந்து நாளுக்கு 58,000க்கும் மேல் வருகிறது. இரண்டு நாளை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைப்பது 12,000க்கும் குறைவு. கூடவே முனைகளில் கரையும் ஒன்றரை நாள் அப்படியே இருக்கிறது. வாரத்துக்கு மேல் போகும்போது ஏழால் வகுப்பது வழக்கம்: பத்து நாளுக்கு ஒரு லட்சம் யூரோ. நீண்ட வாடகைக்கும் சீசன் இல்லாத மாதங்களுக்கும் பேரம் பேச இடமுண்டு.

வாடகையோடு நிற்பதில்லை செலவு. எரிபொருள், உணவு, குடிவகை, துறைக் கட்டணம் ஆகியவற்றுக்காக வாடகையில் 20 முதல் 35 சதவீதம் வரை முன்கூட்டியே கேப்டனிடம் தரப்படுகிறது. அவர் கணக்கு எழுதி, மீதியைத் திருப்பித் தருவார், பற்றாவிட்டால் கேட்பார். அதற்கு மேல் வரி. இறங்கும்போது பணியாளர்களுக்கு வெகுமதி, மத்தியதரைக் கடலில் 5 முதல் 15 சதவீதம் வரை. நாள் கூடினால் இந்த முன்பணம் நேர்விகிதத்தில் கூடுமென்பதில்லை. ஓடாமல் நங்கூரத்தில் நிற்கும் நாளுக்கு மின்னாக்கிக்கான டீசல் மட்டும் செலவாகும். விரிகுடாவில் நின்றால் துறைக் கட்டணமும் இல்லை. பத்து நாளில் ஏழு நாள் செலவுக்குச் சற்று மேலேயே முடிக்கும் குழுக்கள் உண்டு. ஒவ்வோர் இரவும் மிகோனோஸ் மாதிரி இடத்தில் துறையைக் கேட்டால் கணக்கு தலைகீழாகும்.

பன்னிரண்டு பேர், ஒரே மேல்தளம்

பன்னாட்டுச் சட்டப்படி பன்னிரண்டு பயணிகளுக்கு மேல் ஏற்றினால் அது பயணிகள் கப்பலாகிவிடும் என்பதால், வாடகைச் சொகுசுப் படகுகளில் பெரும்பாலானவை பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்கின்றன. எவ்வளவு ஆடம்பரமான படகானாலும் பன்னிரண்டு பேர் சாப்பிடுவது ஒரே மேசையில். எத்தனை நாள் என்பதைத் தீவுகளும் காற்றும் சொல்வதற்கு முன்னால், யார் யார் வருகிறார்கள் என்பது சொல்லிவிடும். 1959 கோடையில் கப்பல் அதிபர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸின் ‘கிறிஸ்டினா’ படகு மொனாக்கோவிலிருந்து கிளம்பிக் கிரேக்க, துருக்கிக் கடல்களில் சுமார் மூன்று வாரம் சுற்றியது. வின்ஸ்டன் சர்ச்சில் விருந்தினர். பாடகி மரியா காலஸ் கணவரோடு ஏறியிருந்தார். அந்தக் கோடை முடியும் முன்பே ஒனாசிஸ், காலஸ் இருவரின் திருமணங்களும் ஆட்டம் கண்டன. கனடாவின் போர்க்கப்பலைப் பிரித்துக் கட்டிய, கிட்டத்தட்ட நூறு மீட்டர் நீளப் படகிலேயே இந்தக் கதி என்றால், முப்பது மீட்டர் படகில் இரு குடும்பங்கள் பதினான்கு நாள் இருப்பது சாதாரணச் சோதனை அல்ல.

ஒரே குடும்பமென்றால் பத்து நாள் சிரமமில்லாமல் போகும். நண்பர்கள் கூட்டமென்றால் ஏழோடு நிறுத்துவது உறவுக்கு நல்லது. பதினான்கு நாள் வேண்டும், கூட்டமும் பெரிது என்றால், நடுவில் பாரோஸிலோ மிகோனோஸிலோ ஆள் மாற்றிக்கொள்ளலாம். இரு தீவுகளிலும் விமான நிலையம் இருக்கிறது. பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே தந்துவிட்டால் போதும். சிறு குழந்தைகள் இருந்தால் நாட்களைக் குறைப்பதைவிடத் தூரத்தைக் குறைப்பதே பலன் தரும். தினமும் இடம் மாறாமல் மூன்று நாளுக்கொரு முறை ஒரே விரிகுடாவில் இரண்டு இரவு நின்றால், படகு அவர்களுக்கு வீடாகிவிடும்.

வேறு கடல்களில்

கிரேக்கத்தின் எண்களை வேறு தீவுக்கூட்டங்களுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் ஒரு தீவிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியும். டார்டோலாவில் ஏறி நார்மன் தீவு, வர்ஜின் கோர்டா, யோஸ்ட் வான் டைக் என்று ஏழு இரவில் நிதானமாகச் சுற்றலாம். வடக்கே தனித்துக் கிடக்கும் பவளத்தீவு அனெகாடாவைச் சேர்க்கத்தான் எட்டாவது நாள் வேண்டும். மாலத்தீவுகள் வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. அங்கே நாளைக் குறைப்பது ஆழ்கடல் மூழ்கல். பல முறை மூழ்கியவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. ஏழு இரவுப் படகில் கடைசி நாள் நீருக்கு வெளியேதான் கழியும். கலாபகோஸில் முடிவு பயணியின் கையிலேயே இல்லை. ஒரு படகு பதினான்கு நாளுக்குள் அதே இடத்துக்குத் திரும்பக் கூடாதென்று தேசியப் பூங்கா நிர்வாகம் 2012இல் விதித்தது. படகுகள் இதனால் உருவான பதினைந்து நாள் சுற்றைத் துண்டு போட்டு நான்கு, ஐந்து, எட்டு நாள் பயணங்களாக விற்கின்றன. எந்தத் துண்டில் எந்தத் தீவு வருகிறதென்று பார்த்துத்தான் நாளைத் தேர்ந்தெடுக்க முடியும்.

ஒப்பந்தத்தில் நாள்

எண் முடிவானதும் அது ஒப்பந்தத்தில் தேதியாகவும் மணியாகவும் மாறுகிறது. மத்தியதரைக் கடலில் பெரிய படகுகளுக்குப் பரவலாகப் பயன்படுவது 1984இல் தொடங்கிய மைபா என்ற தரகர் சங்கத்தின் மாதிரி ஒப்பந்தம். கையெழுத்தின்போது வாடகையில் பாதி, கிளம்புவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு மறுபாதியும் செலவு முன்பணமும் என்பது வழக்கமான ஏற்பாடு. ஏறும் துறை, இறங்கும் துறை, நாளுக்கு எத்தனை மணி நேர ஓட்டம் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வழித்திட்டத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே கேப்டனிடம் காட்டிக் கருத்துக் கேட்பது இன்னும் நல்லது. மிலோஸுக்கு ஆகஸ்டில் எத்தனை நாள் வேண்டும் என்பதைத் தரகரைவிட அவர் நேராகச் சொல்வார்.

நீட்டிக்கும் வாய்ப்பை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். ஜூனில் எட்டு நாள் எடுத்து, அடுத்த முன்பதிவு இல்லாவிட்டால் இரண்டு நாள் கூட்டிக்கொள்ள உரிமை கேட்பவர்கள் உண்டு. குறைப்பதற்கு அப்படி வழியில்லை. மூன்றாம் நாளே அலுத்துப்போய் இறங்கினாலும், மெல்டெமியால் ஐந்து நாள் துறையிலேயே கிடந்தாலும், வாடகை திரும்பாது. உரிமையாளர் பக்கம் படகு தாமதமாக வந்து சேர்ந்தால், இழந்த நேரத்துக்கு உரிய பங்கு திரும்பக் கிடைக்கும், அல்லது இருவரும் ஒத்துக்கொண்டால் அவ்வளவு நேரம் பின்னே நீளும். வாடகைதாரரின் தவறால் படகு தாமதமாகத் திரும்பினால், தாமதமான நேரத்துக்கு நாள் வாடகையோடு 40 சதவீதம் கூடுதலாகச் செலுத்த வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டினால் உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பையும் ஈடுசெய்ய வேண்டும்.